புழு கப்பலேறும், நத்தை ஏறாது



1874ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீனத் தச்சர் ஒருவர் இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்த ஜேம்ஸ் மெக்கானல் என்ற மருத்துவர், ஈரலின் பித்தக் குழாய்களுக்குள் மெல்லிய, தட்டையான புழுக்கள் அடைத்துக் கிடப்பதைக் கண்டார். அதுவரை எந்த நூலிலும் ஏறாத புழு. மறு ஆண்டு ‘லான்செட்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். இன்று அதற்குக் குளோனார்க்கிஸ் சைனென்சிஸ் என்று பெயர். சீன ஈரல் தட்டைப்புழு என்றால் எல்லாருக்கும் புரியும். சீனாவிலும் கொரியாவிலும் வடக்கு வியட்நாமிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் உடலில் குடியிருக்கும் இந்தப் புழுவை மருத்துவ உலகம் முதன்முதலில் பார்த்தது ஊக்ளி ஆற்றங்கரையில்.

தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மற்றக் கதைகளும் இதே வழியில் போகின்றன. 1843இல் லண்டனில், ‘டிரெட்னாட்’ மருத்துவக் கப்பலில் இறந்த இந்திய மாலுமி ஒருவரின் சிறுகுடலிலிருந்து ஜார்ஜ் பஸ்க் 14 பெரிய தட்டைப்புழுக்களை எடுத்தார். மனிதக் குடலில் வாழும் தட்டைப்புழுக்களில் மிகப் பெரியது அதுதான். அவர் பெயரையே சுமந்து ஃபேசியோலாப்சிஸ் பஸ்கி ஆனது. 1878இல் கெர்பர்ட் என்பவர் நுரையீரல் தட்டைப்புழுவை விவரித்தார். புழு கிடைத்தது ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்த வங்கப் புலியின் நுரையீரலில்; காட்சிசாலைத் தலைவர் வெஸ்டர்மனின் பெயர் புழுவுக்குப் போயிற்று. அவருக்கு அது பெருமையாக இருந்ததா என்று கேட்கக் கூடாது. 1886இல் பாரிஸில் இறந்த ஒரு மீன்பிடிப் பூனையின் ஈரலில் புவாரியே கண்ட புழுதான், பிற்பாடு வடகிழக்குத் தாய்லாந்தையே ஆட்டிப்படைத்த ஒப்பிஸ்தார்க்கிஸ் விவெரினி.

தச்சர், மாலுமி, புலி, பூனை. எல்லாரும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். சொந்த ஊரில் கோடிப் பேர் வயிற்றில் இருந்தும் யார் கண்ணிலும் படாத புழு, துறைமுகத்தைத் தாண்டிய பிறகுதான் பெயர் பெற்றது. அறுத்துப் பார்க்கும் மேசைகள் அப்போது அங்கே இருந்தன என்பது ஒரு காரணம். புழுவின் ஆயுள் இன்னொரு காரணம். சீன ஈரல் தட்டைப்புழு மனித உடலில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மனிதன் எங்கே போனாலும் அது கூடவே போகும்.

மலாயாவின் கிள்ளானும் கோலாலம்பூரும் இப்படிப் போனவர்களால் ஆன ஊர்கள். போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் வந்திறங்கிய கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர்களைக் கொண்டுவந்தன. தென்சீனத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்களைக் கொண்டுவந்தன. தனிமைப்படுத்தும் முகாம்கள் அம்மையையும் காலராவையும் தேடின. பித்தக் குழாய்க்குள் உறங்கும் புழுவை யார் தேடப்போகிறார்கள்? தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலம், இன்றும் இந்தப் புழு அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று. அங்கிருந்து வந்தவர்களோடு புழுவும் வந்தது. பச்சை மீனைச் சீவி கஞ்சியில் போட்டுத் தின்னும் வழக்கமும் வந்தது. மீன் குளத்துக்கு மனித மலமும் பன்றிச் சாணமும் எருவாகப் போடும் பழக்கமும் வந்தது. அப்படியிருந்தும் சீன ஈரல் தட்டைப்புழு மலாயாவில் வேர்பிடிக்கவில்லை. வந்தவரோடு வந்தது, அவரோடு முடிந்தது.

ஏன்?

விடை நத்தையில் இருக்கிறது. இந்த உரை முழுவதும் அந்த நத்தையைச் சுற்றித்தான் வரப்போகிறது.

தட்டைப்புழு ஒரே உடலில் பிறந்து வளர்ந்து மடிவதில்லை. முட்டை மலத்தோடு நீருக்கு வரவேண்டும். அங்கே ஒரு நத்தைக்குள் புகவேண்டும். சீன ஈரல் தட்டைப்புழுவின் முட்டையை நத்தையே விழுங்குகிறது, வேறு வகைகளில் முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சு நீந்திப் போய் நத்தையைத் துளைக்கிறது. அந்த நீந்தும் குஞ்சுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்தான். நத்தைக்குள் புகுந்தபின் ஒன்று பலவாகும். பாலுறவே இல்லாமல், ஒரு முட்டையிலிருந்து வந்த உயிர் நூறாகவும் ஆயிரமாகவும் பெருகி, வாலுள்ள இளம்புழுக்களாக நீருக்குள் கொட்டும். இவற்றில் சில மீனின் சதைக்குள் புகுந்து உறையிட்டுக்கொள்ளும். சில நண்டுக்குள், சில வேறொரு நத்தைக்குள், சில நீர்ச்செடியின் மேல். சில மனிதத் தோலையே நேராகத் துளைக்கும். உறையிட்ட புழு தின்பவரின் வயிற்றில் விழித்துக்கொண்டு தன் உறுப்புக்குப் போய்ச் சேரும்.

மீன் விஷயத்தில் புழு அவ்வளவு கறார் இல்லை. கெண்டை இனத்தில் பல வகைகள் அதற்குச் சரிப்படும். கடைசியில் குடியேறும் உடலிலும் அப்படித்தான்: மனிதன், நாய், பூனை, பன்றி. ஆனால் முதல் நத்தையில் அது விட்டுக்கொடுக்காது. ஒரு வகைத் தட்டைப்புழுவுக்கு ஒரு நத்தை, அல்லது நெருங்கிய சில நத்தைகள். மற்றவற்றில் புகுந்தால் சாவுதான். சீன ஈரல் தட்டைப்புழுவின் முதன்மையான நத்தையான பாராஃபோசாருலஸ் கிழக்காசியாவின் குட்டைகளில் வாழ்வது. கிள்ளான் ஆற்றின் கரைகளில் அது இல்லை. தச்சரும் சுரங்கத் தொழிலாளியும் கப்பலேறினார்கள், புழுவும் ஏறியது, நத்தை ஏறவில்லை.

இது புரியாமல் நடந்த கொடுமையும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவில், 1910களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள், மலத்தில் ஈரல் தட்டைப்புழு முட்டை இருப்பதாகச் சொல்லிச் சீனக் குடியேறிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களிடமிருந்து அமெரிக்கர்களுக்குத் தொற்றிவிடுமாம். தொற்றுவதற்கான நத்தை அமெரிக்காவில் இல்லை என்று ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்ல, 1920களின் பிற்பகுதியில் அந்தத் தடை விலகியது. குடியேறிகளின் உடலைப் பற்றிய பயம் எவ்வளவு சுலபமாக மருத்துவச் சட்டை போட்டுக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்த வரிசையில் மலமும் கையுமாக நின்றவர்களுக்கு நத்தையின் பெயர் தெரிந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

எந்த உயிரினம் என்று சரியாகத் தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம் என்ற பாடம் கிள்ளானுக்குப் புதிதில்லை. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து காட்டை வெட்டி மலேரியாவை அடக்கினார். அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது. கடலோரச் சமவெளியின் கொசு நிழல் நீரை விரும்புவது. மலையின் கொசு வெயில் படும் ஓடையை விரும்புவது. ஒன்றுக்கு எமனான வேலை மற்றொன்றுக்கு விருந்தானது. தோட்டங்களில் அந்த விருந்துக்கு இரையானவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கொசுவில் வாட்சன் கண்டதை நத்தையில் காண இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. அதுவும் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது.

கோலாலம்பூரின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900இல் தொடங்கப்பட்டது. ஜாலான் பகாங்கில் அதைக் கடந்துபோகும் பலருக்கு அது பழைய அரசாங்கக் கட்டடம். 1960களில் அங்கே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹூப்பர் அறக்கட்டளையோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் குழு நத்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தது. குழுவின் நடுவில் இருந்தவர் லீ கியான் ஜோ, இந்தோனேசியாவிலிருந்து வந்த சீன வம்சாவளி ஆய்வாளர். அவரோடு அமெரிக்கர்களான பால் பாஷ், டொனால்ட் ஹெய்ன்மன். கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வரும் இன்னொரு பெயர் தி. உமாதேவி. உலகின் புகழ்பெற்ற அறிவியல் இதழான ‘நேச்சர்’ இதழில் 1965இலும் 1968இலும் அந்தப் பெயர் வந்திருக்கிறது. கோலாலம்பூரில் தமிழர் சாதனைகளைப் பட்டியலிடும் மேடைகள் பல. அவற்றில் இந்தப் பெயரைக் கேட்பது அரிது.

அவர்கள் எடுத்துக்கொண்டது எக்கினோஸ்டோமா என்ற கூட்டம். தலையைச் சுற்றி முட்கள் வளையமாக அமைந்த குடல் தட்டைப்புழுக்கள். இவற்றில் ஒன்றுக்கு மலாயாவின் பெயரே உண்டு. 1911இல் லண்டனில் ராபர்ட் லைப்பர் விவரித்த எக்கினோஸ்டோமா மலாயானம், மனிதரிடமிருந்து எடுக்கப்பட்ட புழு. அது எப்படி வாழ்கிறது, எந்த நத்தையில் வளர்கிறது என்பது அரை நூற்றாண்டு வரை தெளிவாகவில்லை. 1963இல் லீ அதன் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் வெளியிட்டார். மனிதருக்கு அது வருவது பச்சை நத்தையால். பிலிப்பைன்ஸில் எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் கலந்து சமைக்காமல் உண்ணும் ‘குஹோல்’ நத்தையில் இன்றும் இந்தப் புழு காணப்படுகிறது. 1965இல் லீயும் உமாதேவியும் சேர்ந்து எக்கினோஸ்டோமா ஆடியி என்ற புதிய இனத்தையும் விவரித்தார்கள். ஹூப்பர் அறக்கட்டளையை நடத்திய ரால்ஃப் ஆடியைச் சிறப்பிக்க வைத்த பெயர்.

பெயர் வைப்பதோடு நின்றிருந்தால் இந்தக் கதை நிபுணர்களுக்கு மட்டும் சொந்தமாகியிருக்கும். ஒரே நத்தைக்குள் இரண்டு வகைத் தட்டைப்புழு புகுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்தார்கள். வாத்தின் இரத்தத்தில் வாழும் ஒரு தட்டைப்புழு. நத்தைக்குள் அதன் பெருகும் பருவத்துக்கு வாயில்லை, குடலில்லை, உடல் முழுவதாலும் உறிஞ்சும் வெறும் பை. முள்வளையப் புழுவின் பருவத்துக்கு வாயும் உண்டு, தசைப்பிடிப்பான தொண்டையும் உண்டு. ஒரே வாடகை வீட்டில் இரு குடித்தனம். ஒருவரிடம் பல் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. முள்வளையப் புழு இரத்தப்புழுவின் பைகளைத் தேடிப் பிடித்து விழுங்கியது. சில வாரங்களில் நத்தைக்குள் மிஞ்சியது முள்வளையப் புழு மட்டுமே. இரண்டு முள்வளைய இனங்கள் மோதியபோதும் வலுத்தது இளைத்ததைத் தின்றது. நத்தைக்குள் ஒரு படிநிலை இருக்கிறது, அதில் யார் மேல் யார் கீழ் என்று எழுதி வைக்கலாம் என்பதைக் காட்டியது இந்த வேலை.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. மனிதரைக் கொல்லும் இரத்தப்புழுவை, நத்தைக்குள் வைத்தே வேறொரு புழுவால் ஒழித்துக்கட்ட முடியாதா? 1967இல் ஹெய்ன்மனும் உமாதேவியும் ‘மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலாயா’ இதழில் களச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். 1970இல் லீயும் அவருடைய சக ஆய்வாளர்களும், மாட்டின் இரத்தப்புழுவான சிஸ்டோசோமா ஸ்பிண்டேலைக் குறிவைத்து மற்றொன்றை வெளியிட்டார்கள். முள்வளையப் புழுவின் முட்டையைக் குளத்தில் கலந்துவிட்டால் போதும், நத்தைகளுக்குள் சண்டை நடந்துவிடும். சிறு குளங்களில் நடந்தும் காட்டியது.

உலகம் அதைப் பின்பற்றவில்லை. குளத்துக்குக் குளம் கோடிக்கணக்கான முட்டைகளைக் கொட்ட வேண்டும். ஓடும் ஆற்றில் அது நிற்காது. கொட்டுகிற புழுவே மனிதக் குடலில் குடியேறக்கூடிய புழு. இதையெல்லாம் தீர்ப்பதற்குள் பிராசிகுவாண்டல் மாத்திரை வந்துவிட்டது. 1970களில் ஜெர்மன் நிறுவனங்கள் உருவாக்கிய அந்த மாத்திரை பெரும்பாலான தட்டைப்புழுக்களைக் கொல்லும், விலையும் இறங்கியது. மாத்திரை கையிலிருக்கும்போது குளத்தில் யார் சண்டை மூட்டப்போகிறார்கள்? நியாயம்தான். ஆனால் மாத்திரை மனிதனைத்தான் சுத்தம் செய்யும், நத்தையைத் தொடாது. மறுநாள் அதே நீரில் இறங்கினால், அதே மீனைப் பச்சையாகத் தின்றால், புழு திரும்ப வரும். கோலாலம்பூர் குழு எடுத்துக்கொண்ட முனை இன்னும் பாக்கியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். 2010இல் கலிஃபோர்னியாவின் கடற்கழிமுக நத்தைகளில் ஒரு தட்டைப்புழுக் கூட்டம் சண்டைக்கென்றே தனிப் படைவீரர்களை வளர்க்கிறது, பெருகுவதற்கு வேறு உடல்கள் இருக்கின்றன என்று கண்டறிந்தபோது, அந்த ஆய்வின் முன்னோடியாக நின்றது லீயின் பணி.

இதே ஊரில் பால் பாஷ் செய்து முடித்த இன்னொன்றையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாட்டின் கணையத்தில் வாழும் தட்டைப்புழு ஒன்று நிலத்து நத்தைக்குள் வளர்ந்து, வெட்டுக்கிளிக்குள் புகுந்து, மாடு புல்லோடு வெட்டுக்கிளியையும் மேயும்போது வயிற்றுக்குள் போகிறது என்று 1965இல் காட்டினார். புல் மேயும் மாடும் சைவமில்லை.

மலாயாவுக்கே உரிய புழு ஒன்று இவ்வளவுக்கும் நடுவே காட்டுக்குள் ஒளிந்திருந்தது. 1973இல் நோய்க்குறியியலாளர் ஆர். முருகேசுவும், இலங்கையிலிருந்து வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்த ஏ. எஸ். திசநாயக்கவும், மலேசியாவின் முதல் இரத்தத் தட்டைப்புழு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இறந்த ஓர் ஓராங் அஸ்லியின், அதாவது பூர்வகுடி ஒருவரின், ஈரல் திசுவில் முட்டைகள் இருந்தன. உயிரோடிருக்கும் முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை 1978இல்தான் வந்தது. அதிலும் அவர்கள் இருவரின் பெயரும் உண்டு.

முட்டை ஜப்பானிய இரத்தப்புழுவின் முட்டையை ஒத்திருந்தது. ஜப்பானிலும் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் வயிறு ஊதிச் சாகவைத்த புழு அது. அது பகாங் காட்டுக்குள் எப்படி வந்தது? கிரீர் என்ற அமெரிக்கர், ஓ-யாங், யோங் ஆகியோர் ஆறு ஆறாகத் தேடினார்கள். 1980இல் ஒரு நத்தை கிடைத்தது: ராபர்ட்சியெல்லா காப்போரென்சிஸ், சில மில்லிமீட்டர் நீளமே உள்ளது, பகாங்கின் ஓடைகளில் கல்லை ஒட்டி வாழ்வது. 1988இல் புழுவுக்கும் தனிப் பெயர் வந்தது: சிஸ்டோசோமா மலாயென்சிஸ். அதன் இயல்பான வீடு காட்டெலியின் உடல். ஓடையில் குளிக்கும், மீன்பிடிக்கும் ஓராங் அஸ்லியின் தோலுக்குள் அது வழிதவறி நுழைகிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வந்தேறிகள் கொண்டுவந்த புழுக்கள் மலாயாவில் நிலைக்கவில்லை. மனித உடலுக்குள் நிலைத்த ஒரே இரத்தப்புழு, பெரும்பாலும் நாட்டின் மிகப் பழைய குடிகளுக்கே வருகிறது. காரணம் அவர்களும் அந்தச் சிறு நத்தையும் ஒரே ஓடையில் வாழ்கிறார்கள். ஓராங் அஸ்லியருக்கென்றே கோம்பாக்கில், கோலாலம்பூரின் விளிம்பில், ஒரு மருத்துவமனை நடந்துவந்தது. ஆனால் வந்தேறிகளின் நோய்களுக்குத் தனிமைப்படுத்தும் முகாம்கள் எழும்பி எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான் இந்தப் பூர்வகுடியினரின் புழுவுக்கு முதல் அறிக்கை வந்தது.

சோற்றுக்காக நீரில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. வயலில் நின்றவரின் முழங்காலுக்குக் கீழே சிவந்த தடிப்புகள், தாங்க முடியாத அரிப்பு. மலாய் விவசாயிகள் இதைச் ‘சாவா’ (வயல்) அரிப்பு என்பார்கள். 1938இல் பக்லி என்பவர் காரணத்தைக் காட்டினார்: மாட்டின் இரத்தப்புழுவான சிஸ்டோசோமா ஸ்பிண்டேலின் இளம்புழு, மனிதத் தோலை மாட்டுத்தோல் என்று எண்ணித் துளைக்கிறது, உள்ளே வழி தெரியாமல் தோலிலேயே சாகிறது. சாகும்போது அரிக்கிறது. தஞ்சைப் பக்கத்து சேற்றுப்புண் வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே மஞ்சள்பற்றைப் போட்டுக்கொண்டிருந்த நம் பாட்டிகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அரிப்பு இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும்.

இந்தப் புழுவின் நத்தை இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ், சுருட்டிய வட்டத் தகடுபோன்ற ஓடு. தஞ்சாவூர் வாய்க்காலிலும் அதே நத்தை, மலேசியாவின் தஞ்சோங் காராங் வயலிலும் அதே நத்தை. சென்னை மாகாணத்தில் எம். அனந்தநாராயண ராவ் 1933இல் கண்டுபிடித்த சிஸ்டோசோமா நேசாலேவும் இந்த நத்தையையே நம்பி வாழ்கிறது. மாட்டின் மூக்கு நாளங்களில் அடைந்துகொண்டு, மூக்குக்குள் சதை வளரவைத்து, மாட்டைக் குறட்டைவிட வைக்கும் புழு. குறட்டை நோய் என்றே கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். உழவுமாட்டின் மூச்சு முட்டினால் உழவு நின்றது. அந்தக் காலக் குடியானவனுக்கு அது சிறிய நோயில்லை.

இந்த நத்தை ஆப்பிரிக்காவின் நைஜீரியாவரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக, நத்தை கப்பலேறாது என்று சற்று முன் சொன்னது முழு உண்மையில்லை. பழைய கப்பல்களில் அது அரிதாக ஏறியது. இப்போது தாராளமாக ஏறுகிறது, பிளாஸ்டிக் பைக்குள், நீர்ச்செடியோடு.

கிள்ளான் பள்ளத்தாக்கே இதற்குச் சாட்சி. தென்னமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தை, மலாய்க்காரர் ‘சீபுட் கொண்டாங் ஏமாஸ்’ என்பது, மலேசியாவில் முதலில் தென்பட்டது 1991இல் பூச்சோங் பகுதியில். ஈயம் எடுத்து முடித்தபின் நீர் நிரம்பிக் கிடக்கும் குட்டைகள் இந்தப் பகுதியில் ஏராளம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸே செங்கல்லுக்காக மண் எடுத்த இடம். 1881இன் தீயும் வெள்ளமும் பழைய பலகை வீடுகளை அழித்தபின் ஊரைச் செங்கல்லில் கட்டச் சொன்னதன் விளைவு. மண் எடுத்த இடமெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் நீர். தங்க ஆப்பிள் நத்தை நெல்நாற்றைத் தின்று விவசாயியின் வயிற்றில் அடித்தது. எலி நுரையீரல் புழுவை மனித மூளைக்குக் கொண்டுபோகும் நத்தைகளில் ஒன்றாகவும் ஆனது. அந்தப் புழு உருண்டைப்புழு இனம் என்பதால் இந்த உரையின் எல்லைக்கு வெளியே.

தட்டைப்புழுவுக்கு வேண்டிய உதாரணம் மீன்தொட்டியில் இருக்கிறது. அலங்கார மீன் வளர்ப்போர் வேண்டாமல் வளர்க்கும் கூர்ச்சுருள் நத்தை, மெலனாய்டெஸ், இந்தப் பக்கத்து நத்தைதான். கோலாலம்பூர் வடிகால்களில் தானாகவே கிடைக்கும். மீன்தொட்டி வியாபாரத்தோடு அது அமெரிக்காவுக்குப் போனது. பின்னாலேயே சென்ட்ரோசெஸ்டஸ் ஃபார்மோசானஸ் என்ற தட்டைப்புழுவும் போனது. நீர்ப்பறவையின் குடலில் வாழ்ந்து, மீனின் செவுளில் உறையிடும் புழு. டெக்சாஸின் கோமல் ஆற்றில் அழிவின் விளிம்பில் நிற்கும் நீரூற்று டார்ட்டர் என்ற சிறுமீனின் செவுள்கள் இந்த உறைகளால் வீங்கின. நத்தை முன்னே போனது, புழு பின்னே போனது. இந்த வரிசை மாறினால் புழுவுக்குப் பிழைப்பில்லை.

நத்தையே தேவையில்லாத தட்டைப்புழுக் குடும்பமும் உண்டு. மீனின் செவுளிலும் தோலிலும் கொக்கி மாட்டிக்கொண்டு, மீனிலிருந்து மீனுக்கு நேராகத் தாவும். கடைக்காரர் ‘கில் ஃப்ளூக்’ என்று சொல்லி மருந்து தருவார். மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, மீனைக் கொல்லும். அந்தக் குடும்பத்தை உலகத்திலேயே நன்கு அறிந்தவர்களில் ஒருவர், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்: சூசன் லிம். மீன்களின் செவுள்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தார். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையத்தில் உறுப்பினராக இருந்த மலேசியர். 2014இல் மறைந்தார். நார்வேயின் சால்மன் ஆறுகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழு 1970களில் வந்து நுழைந்தபோது, சில ஆறுகளில் உள்ள எல்லா மீனையும் நஞ்சிட்டுக் கொன்று மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. மில்லிமீட்டருக்கும் குறைவான உயிர் அது. இப்படிப்பட்டவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காண ஒருவர் வாழ்நாளைக் கொடுத்தார் என்றால் அது வீண்வேலையில்லை.

இனி அடுக்களைக்கு வரலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை முன் உட்கார்ந்திருப்பவர் பயப்பட ஏதுமில்லை. புளிக்குழம்பில் கொதித்த மீனில் எந்த உறையும் உயிர் தாங்காது. கிள்ளானுக்கு வெளியே கேத்தாம் தீவில் தின்னும் நண்டு கடல்நண்டு. நுரையீரல் தட்டைப்புழு நன்னீர் நண்டில்தான் இருக்கும். சீனப் புத்தாண்டு யீ சாங் தட்டில் இன்று பெரும்பாலும் வருவது கடல்மீன் அல்லது உறையவைத்த சால்மன். மைனஸ் 20 பாகையில் ஏழு நாள் கிடந்த மீனில் புழு சாகும். எலுமிச்சையும் வினிகரும் மிளகாயும் கொல்லும் என்பது நாக்கின் நம்பிக்கை. புழுவுக்கு அது தெரியாது.

சிக்கல் நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதில். வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் ‘கோய் பிளா’ என்று, சிறு கெண்டைகளைக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் வறுத்த அரிசிப்பொடியும் கலந்து அப்படியே தின்பார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே மூவரில் ஒருவருக்கு மேல், புவாரியே பூனையில் கண்ட ஈரல் தட்டைப்புழு இருந்தது. பித்தக் குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று கோன் கென். 1994இல் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் புழுவை, புகையிலை இருக்கும் அதே முதல் வரிசையில் வைத்தது. சீன ஈரல் புழுவையும் 2009இல் சேர்த்தது. மீனோடும் நத்தையோடும் நண்டோடும் நீர்ச்செடியோடும் வரும் தட்டைப்புழுக்கள் எல்லாம் சேர்ந்து 2005இல் உலகில் 5.6 கோடிப் பேருக்கு இருந்ததாக ஒரு கணிப்பு உண்டு.

நண்டை உரலில் இடித்து ரசம் வைக்கும் தமிழ் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. ரசம் கொதித்துவிடும், அதில் பயமில்லை. இடித்த கையையும் உலக்கையையும் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போவதுதான் ஆபத்து. கொரியாவில் தட்டம்மைக்கு மருந்தாகக் குழந்தைகளுக்குப் பச்சையாகப் புகட்டிய நன்னீர் இறால்நண்டின் சாறு நுரையீரல் புழுவையும் சேர்த்தே புகட்டியது. இந்தியாவில் மணிப்பூரில் இந்த நோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து தந்த கதைகள் 1980களுக்குப் பிறகுதான் வெளியே வந்தன. இருமல், சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் நிழல், வேறென்ன நினைப்பார்கள்?

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வியட்நாமிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள்; விடுமுறைக்கு லாவோஸ் போய் மேகாங் கரையில் சாப்பிட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். ஈரல் தட்டைப்புழுவின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. குடலில் வாழும் வேறு சிறு தட்டைப்புழுக்களின் முட்டையும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய அதே முகம்தான் காட்டும். முட்டையைத் தேட வேண்டும் என்று யாராவது எழுதித் தந்தால்தான் ஆய்வகத்தில் தேடுவார்கள். மஞ்சள் காமாலையோடும் வலப்புற வயிற்று வலியோடும் வருபவரிடம், போன மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் போதாது. எந்த ஊரில் பிறந்தீர்கள், அங்கே ஆற்றுமீனை எப்படித் தின்பீர்கள், கடைசியாகத் தின்றது எந்த ஆண்டு என்று 20 வருடத்துக்குப் பின்னோக்கிக் கேட்க வேண்டியிருக்கும்.